சப்தபதி (1961) பெங்காலி படம்: எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்விகள்

வேலை விஷயமா கொல்கத்தால மூணு வருஷம் இருந்தேன். வீட்டு ஓனர் ஒரு வயசான அம்மா, எல்லாரும் மாஷிமான்னு கூப்புடுவாங்க, நானும் அப்படியே கூப்புட ஆரம்பிச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை மழைல வெளிய போக முடியாம இருந்தப்ப, உனக்கு ஒரு நல்ல படம் காட்டுறேன்னு டிவி முன்னாடி உக்கார வெச்சாங்க. அன்னிக்கு பாத்தது சப்தபதி. அதுக்கப்புறம் போற எடத்துல எல்லாம் இந்தப் படத்தப் பத்தியே பேசிட்டு இருக்கேன்னு ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்றாங்க, ஆனா கேள்வியும் அவங்களே தான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

இது என்ன படம், யாரு எடுத்தது?

1961ல வந்த ப்ளாக் அண்ட் ஒயிட் பெங்காலி படம். டைரக்டர் அஜய் கர், இவரு மொதல்ல கேமராமேனா இருந்து டைரக்டர் ஆனவரு. ஹீரோ உத்தம் குமார், ஹீரோயின் சுசித்ரா சென். தயாரிச்சதும் உத்தம் குமாரோட கம்பெனி தான். மியூசிக் ஹேமந்த முகர்ஜி, ஹிந்தில ஹேமந்த் குமார்னு பாடுவாரே அவரே தான். கதை தாராசங்கர் பந்தோபாத்யாய் எழுதின நாவல்ல இருந்து எடுத்தது, 1966ல ஞானபீட விருது வாங்கினவர் அவரு. ஒரு இந்து பிராமணப் பையன், ஒரு கிறிஸ்டியன் ஆங்கிலோ இந்தியன் பொண்ணு, ரெண்டு பேரும் லவ் பண்றாங்க. ஒரு லைன்ல சொன்னா இவ்ளோதான், ஆனா ஒரு லைன்ல சொல்ற கதை இல்ல இது.

கே.விஸ்வநாத் எடுத்த சப்தபதி தானே?

இல்ல. அது 1981ல வந்த தெலுங்குப் படம், அதுல பிரச்சனை ஜாதி. பேர் மட்டும் தான் ஒண்ணு.

பேருக்கு என்ன அர்த்தம்? படத்துல ஏழு அடி வெக்கிற கல்யாணம் வருதா?

அக்னிய சுத்தி ஏழு அடி எடுத்து வெக்கிற சடங்கு தான் சப்தபதி, நம்ம ஊர் கல்யாணத்துலயும் சில வீடுகள்ல பாத்திருப்பீங்க. பெங்காலில எழுதுறது சப்தபதி, சொல்றப்போ ஷொப்தொபோதின்னு கேக்கும், நான் சப்தபதின்னு சொன்னப்ப மாஷிமாவுக்கு ரெண்டு நிமிஷம் புரியவே இல்ல. படத்துல அந்தச் சடங்கு இவங்க ரெண்டு பேருக்கும் கடைசி வரைக்கும் நடக்கல. ஆனா ஏழு அடி கூட நடந்தாலே நட்பு ஆயிடும்னு சமஸ்கிருதத்துல ஒரு பழைய பேச்சு இருக்கு. அந்த அர்த்தத்துல பேரு கச்சிதமா உக்காருது, புரோகிதரும் இல்ல பாதிரியாரும் இல்ல, ரெண்டு பேரு கூட நடந்தாங்க அவ்ளோதான்.

கதை என்ன? ஸ்பாய்லர் ஆனாலும் பரவால்ல.

ரெண்டாம் உலகப் போர் நேரம். கிராமத்துப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி, அங்க டாக்டரா இருக்குறவரு கிறிஸ்தவ மதகுருவும் கூட. ராணுவத்துல வேலை பாக்குற ஒரு பொண்ண, குடிச்சு நினைவில்லாம கெடக்குறவள, அங்க கொண்டு வராங்க. முகத்தப் பாத்ததும் அவரு ஆடிப் போறாரு. அங்க இருந்து ஃப்ளாஷ்பேக்.

கல்கத்தால ஒரு மெடிக்கல் காலேஜ். கிருஷ்ணேந்து நல்லா படிக்கிற பெங்காலி பையன், கடவுள் பக்தி எல்லாம் பெருசா கெடையாது. ரீனா பிரவுன் அதே காலேஜ்ல படிக்கிற பொண்ணு, அப்பா இங்கிலீஷ்காரர். அந்தக் காலத்துல காலேஜுக்குள்ளயே இந்தியப் பசங்க ஒரு செட்டு, ஆங்கிலோ இந்தியன் பசங்க ஒரு செட்டு, ஃபுட்பால் மேட்ச்ல இருந்து எல்லாத்துலயும் முறைச்சுக்குவாங்க. இவங்க ரெண்டு பேரும் மொதல்ல பாம்பும் கீரியும் தான். அப்புறம் ஒரு நாடகம், அதுல இருந்து பழக்கம், பழக்கத்துல இருந்து காதல். கட்டிக்கணும்னா நீ கிறிஸ்டியனா மாறணும்னு ரீனாவோட அப்பா கண்டிஷன் போடுறாரு. இவனும் சரின்னு மாறிடுறான். அது தெரிஞ்சு கிருஷ்ணேந்துவோட அப்பா நேரா ரீனாவ போய்ப் பாத்து என் பையன விட்டுடும்மான்னு கெஞ்சுறாரு. அவ விட்டுடுறா. அதுக்கப்புறம் தான் அவளுக்கு தன் பொறப்பப் பத்தி ஒரு உண்மை தெரியவருது, அத கீழ தனியா சொல்றேன்.

கடைசில நெலமை எப்படி ஆயிடுச்சு பாருங்க. காதலுக்காக பேருக்கு மதம் மாறினவன், காதலி போனதுக்கப்புறம் நெஜமாவே விசுவாசி ஆகி ஏழைங்களுக்கு வைத்தியம் பாத்துட்டு இருக்கான். பொறப்புலயே கிறிஸ்டியனா வளந்தவ சாமியே இல்லன்னு குடிச்சிட்டு திரியுறா. எனக்கு படத்தோட உசுரே இந்த எடம் மாறின விஷயத்துல தான் இருக்கு. லவ் ஸ்டோரின்னு போயி உக்காந்தா, கடவுள் யாருக்கு எப்ப கெடைக்குறாரு யார விட்டு எப்ப போறாருன்னு வேற ஒரு கதை ஓடிட்டு இருக்கு.

அந்த ஒதெல்லோ சீன் பத்தி ஏன் எல்லாரும் பேசுறாங்க?

ஏன்னா அது அவ்ளோ நல்லா இருக்கும். காலேஜ் விழால ஷேக்ஸ்பியரோட ஒதெல்லோ நாடகம். ரீனா தான் டெஸ்டிமோனா. ஒதெல்லோவா கிருஷ்ணேந்து நடிக்க வேண்டி வருது. அவளுக்கு சுத்தமா புடிக்கல, அவன் என்னை டச் பண்ணக் கூடாதுன்னு கண்டிஷன் போடுறா. அந்த வசனம் இன்னிக்கும் பெங்காலிங்க மத்தியில ஃபேமஸ், மாஷிமா டிவில வர்றதுக்கு ஒரு செகண்ட் முன்னாடியே தானும் சொல்லிட்டு, கைய உதறி காமிச்சு சிரிச்சாங்க.

இப்ப யோசிச்சுப் பாருங்க. தொட்டா தீட்டுன்னு தலைமுறை தலைமுறையா அடுத்தவங்கள சொன்ன குடும்பத்துல பொறந்த பிராமணப் பையன பாத்து, ஒரு பொண்ணு என்னை தொடாதன்னு சொல்றா. யார் யார தள்ளி நிறுத்துறாங்கன்றது எடத்துக்கு எடம் மாறும்னு இத விட சுருக்கமா காட்ட முடியாது. அதுல ஒதெல்லோவே ஒரு கறுப்பின வீரன், வெள்ளக்காரப் பொண்ண கட்டிக்கிட்டு சந்தேகத்துல அவளயே கொல்றவன். அந்தக் கொலை சீன தான் இவங்க மேடைல நடிக்கிறாங்க.

அந்த சீன் முழுக்க இங்கிலீஷ்ல வரும். கொரல் இவங்களோடது இல்ல. உத்தம் குமாருக்கு உத்பல் தத் பேசினாரு, ஹிந்தி கோல்மால் படத்துல மீச பைத்தியமா வருவாரே அவரே தான், ஆனா மேடைல பெரிய ஷேக்ஸ்பியர் நடிகர். சுசித்ரா சென்னுக்கு ஜெனிஃபர் கெண்டல், சசி கபூரோட மனைவி. அவங்க அப்பா ஜெஃப்ரி கெண்டல் ஊர் ஊரா ஷேக்ஸ்பியர் போட்ட நாடகக் குழு வெச்சிருந்தவரு, உத்பல் தத்தும் அந்தக் குழுல நடிச்சவரு தான். அதனால தான் அந்த இங்கிலீஷ் அவ்ளோ சரளமா விழும். ஆனா கண்ண மூடாம பாருங்க, கொரல் இரவல்னாலும் சுசித்ரா சென்னோட கண்ணு இரவல் இல்ல.

பைக் பாட்டு?

அத கேக்காம பெங்கால்ல இருந்து யாரும் திரும்ப முடியாது. கிருஷ்ணேந்து பைக் ஓட்ட, ரீனா பின்னாடி உக்காந்து போறப்போ வர்ற பாட்டு அது. இந்தப் பாத முடியாமலே போனா எப்படி இருக்கும், நீயே சொல்லுன்னு ஆரம்பிக்கும். எழுதினது கௌரிப்ரசன்ன மஜும்தார், பாடினது ஹேமந்த முகர்ஜியும் சந்தியா முகர்ஜியும். அவரு தான் வரி வரியா பாடுவாரு, அந்தம்மா பெரும்பாலும் ஹம்மிங், நடுநடுல நீயே சொல்லுன்னு ஒரு செல்லப் பதில். பின்னாடி உக்காந்திருக்குற பொண்ணு முழு பாட்டும் பாடாம இப்படி ரெண்டு வார்த்தைல பாட்ட தன் பக்கம் இழுத்துக்குறது எனக்கு ரொம்ப புடிச்சுது. கொல்கத்தால ஆட்டோல, பூஜா பந்தல்ல, கல்யாண மண்டபத்துல எங்க வேணா கேட்டிருக்கேன். ஆனா இந்தப் பாட்ட மட்டும் பாத்துட்டு ஜாலியான படம்னு நெனச்சு உக்காந்துடாதீங்க, பலர் அப்படி ஏமாந்திருக்காங்க, நானும்.

அவன் மதம் மாறாமலே கல்யாணம் பண்ணியிருக்க முடியாதா? சட்டத்துல வழி இல்லையா?

நல்ல கேள்வி, நானும் இத தேடிப் படிச்சேன். சட்டப்படி வழி இருந்துச்சு. 1872ல வந்த இந்திய கிறிஸ்தவ திருமணச் சட்டம், ரெண்டு பேர்ல ஒருத்தர் கிறிஸ்டியனா இருந்தாலே அந்தச் சட்டப்படி கல்யாணம் நடக்கலாம்னு சொல்லுது. அதாவது மாறித்தான் ஆகணும்னு கேட்டது சட்டம் இல்ல, மாமனார். படத்த ரெண்டாவது வாட்டி பாக்குறப்போ இது தெரிஞ்சு பாத்தா அந்தக் கண்டிஷன் வேற மாதிரி கேக்குது.

அதே 1872ல இன்னொரு சட்டமும் வந்துச்சு, ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட். அது வந்ததே கேசவ் சந்திர சென் தலைமைல பிரம்ம சமாஜம்ன்ற சீர்திருத்த இயக்கத்துக்காரங்க கேட்டதால தான், அதுவும் கல்கத்தா கதை தான். ஆனா அதுல ஒரு கொக்கி, கல்யாணம் பண்ற ரெண்டு பேரும் நான் இந்துவும் இல்ல கிறிஸ்டியனும் இல்ல முஸ்லிமும் இல்லன்னு எழுதிக் குடுக்கணும். அப்படி எழுதிக் குடுக்காம அவங்கவங்க மதத்துலயே இருந்துகிட்டு பண்ணிக்கலாம்னு எல்லா மதத்துக்கும் வழி திறந்தது 1954ல வந்த புது ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட் தான். கதை நடக்குறது அதுக்கு முன்னாடி, படம் வந்தது அதுக்கப்புறம்.

இப்பவும் அந்த 1954 சட்டம் தான் நடைமுறைல இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி நோட்டீஸ் குடுத்து 30 நாள் காத்திருக்கணும், அத ஆபிஸ்ல எல்லாரும் பாக்குற மாதிரி ஒட்டுவாங்க. எங்கக்கா கிறிஸ்டியன் பையன கட்டிக்கிட்டது இப்படித்தான். அவங்க ரெண்டு பேர் பேரும் நோட்டீஸ் போர்டுல ஒட்டி ஒரு வாரம் கூட ஆகல, எங்கப்பாவோட ஃப்ரெண்டு ஒருத்தரு வீட்டு பத்திரம் பதிய போனவரு அத படிச்சுட்டு நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டாரு. மீதிய நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

அந்தக் காலத்துல பெங்கால்ல பெரிய வீட்டுப் பசங்க நெஜமாவே மதம் மாறினாங்களா, இல்ல சினிமாக்காக வெச்சதா?

மாறினாங்க. ரொம்ப ஃபேமஸ் மைக்கேல் மதுசூதன் தத். 1843ல கிறிஸ்டியன் ஆனாரு, இந்து காலேஜ விட வேண்டியதாயிடுச்சு, பிஷப்ஸ் காலேஜ்ல சேந்தாரு, வீட்டோட ஒறவு கெட்டுச்சு. அப்புறம் எங்க வந்தாருன்னு நெனைக்கிறீங்க, நம்ம மெட்ராஸுக்கு. 1848ல இருந்து 1856 வரைக்கும் இங்க தான் இருந்தாரு, அனாதைப் பசங்க படிச்ச ஒரு ஸ்கூல்ல வாத்தியாரா வேலை பாத்தாரு, ரெபெக்கான்னு ஒரு பொண்ண கல்யாணம் பண்ணாரு, அவரோட இங்கிலீஷ் கவிதை புக்கு 1849ல மெட்ராஸ்ல தான் அச்சாச்சு. அப்புறம் கல்கத்தா திரும்பிப் போயி 1861ல ராவணன் மகன் இந்திரஜித்த ஹீரோவா வெச்சு பெங்காலில ஒரு காவியம் எழுதினாரு. மதம் மாறினவரு தான் ராமாயணத்த எடுத்து எழுதினாரு, அதுவும் அந்தப் பக்கத்துல நின்னு. இந்த ஞாபகம் எல்லாம் இருக்குற ஊர்ல கிருஷ்ணேந்து மாதிரி ஒருத்தன திரையில பாத்தா ஜனங்களுக்கு அது புதுசா இருந்திருக்காது.

கிருஷ்ணேந்துவோட அப்பா தான் வில்லனா?

இல்லவே இல்ல, இதுல நான் சண்டைக்கே வருவேன். அந்த ரோல் பண்ணது சபி பிஸ்வாஸ், பெங்காலி சினிமால பெரிய மனுஷன் ரோல்னா அவரு தான். ஊர்ல கௌரவமா வாழ்ந்த ஒரு மனுஷன், மகன அடிக்க ஆள் அனுப்பல, வெஷம் குடிப்பேன்னு மெரட்டல, அந்தப் பொண்ணோட வீட்டுக்கே போயி அவகிட்ட பிச்ச கேக்குற மாதிரி கேக்குறாரு. அவரு நம்புற விஷயத்த அவரு நெஜமா நம்புறாரு. நமக்கு அது தப்புன்னு படும், ஆனா அவரு அழுவுறப்போ அந்த அழுகை பொய்யின்னு சொல்ல முடியல. ரீனாவும் அத ஏத்துக்கிட்டு, காரணத்த சொல்லாம கிருஷ்ணேந்துவ கடுமையா பேசி அனுப்பிடுறா. கெட்டவங்களே இல்லாம ஒரு காதல் ஒடையுது, அதான் தாங்க முடியல.

ரீனா பொறப்புல இருக்குற அந்த ரகசியம் என்ன?

ரீனா வீட்டுல ஒரு ஆயா இருப்பாங்க. சாயா தேவி நடிச்சிருப்பாங்க, அதிகம் பேசாத ரோல். ரீனாவ வளத்தது அவங்க தான். கடைசில தெரியுது அவங்க தான் ரீனாவோட பெத்த தாய், இந்துப் பொண்ணு, பிரவுன் சாகிப் அவங்கள கல்யாணமே பண்ணிக்கல. பெத்த பொண்ணுக்கே வேலைக்காரியா இத்தன வருஷம் அந்த வீட்டுல இருந்திருக்காங்க.

இங்க தான் படம் நம்மள அடிக்குது. இந்துவ கட்டணும்னா அவன் கிறிஸ்டியனா மாறணும்னு கண்டிஷன் போட்ட மனுஷனோட வீட்டுக்குள்ளயே அந்தக் கோடு அழிஞ்சு இருவது வருஷம் ஆச்சு. கிருஷ்ணேந்துவ பாத்து என்னை தொடாதன்னு சொன்ன ரீனாவ தூக்கி வளத்த கை ஒரு இந்து ஆயாவோட கை. ரெண்டாவது வாட்டி பாத்தீங்கன்னா ஆயா பின்னாடி நிக்கிற ஷாட்ட எல்லாம் தேடித் தேடி பாப்பீங்க.

ஏன் இந்து கிறிஸ்டியன்? பெங்கால்னா இந்து முஸ்லிம் தானே பெரிய பிரச்சனை?

2011 கணக்குப்படி மேற்கு வங்கத்துல முஸ்லிம்கள் 27 சதவீதம், கிறிஸ்டியன்ஸ் ஒரு சதவீதம் கூட இல்ல. அப்புறம் ஏன்? இது என் சொந்தக் கருத்து தான். 1946 ஆகஸ்ட்ல கல்கத்தா கலவரம், அடுத்த வருஷம் பிரிவினை. 1961ல தியேட்டர்ல உக்காந்திருந்த ஜனங்கள்ல எத்தனையோ பேரு கிழக்கு வங்காளத்துல வீட்ட விட்டுட்டு வந்தவங்க, சுசித்ரா சென்னே இப்ப பங்களாதேஷ்ல இருக்குற பாப்னா பக்கத்து ஆளு தான். அந்தப் புண்ணு ஆறாத நேரத்துல பெரிய ஸ்டார வெச்சு இந்து முஸ்லிம் காதல் எடுக்க யாருக்கு தைரியம் வரும். கிறிஸ்டியன்னா கொஞ்சம் தள்ளி நிக்கிற விஷயம், வெள்ளக்காரனும் போயிட்டான், பாதுகாப்பா பேசலாம். படம் எனக்கு எவ்ளோ புடிச்சாலும், சுலபமான கதவ தட்டின படம்னு ஒரு சின்ன வருத்தம் இருக்கு.

முடிவு சந்தோஷமா சோகமா?

படத்துல சேருறாங்க, நாவல்ல சேரல. உத்தம் சுசித்ராவ பிரிச்சு அனுப்பினா ஜனங்க திரைய கிழிச்சிருப்பாங்கன்னு மாஷிமா சொன்னாங்க.

உத்தம் குமார், சுசித்ரா சென் அவ்ளோ பெரிய ஆளுங்களா?

நம்ம ஊர் ஜெமினி சாவித்திரி ஜோடிய நெனச்சுக்கோங்க, அத இன்னும் நாலு மடங்கு ஆக்குங்க. 1953ல ஆரம்பிச்சு முப்பது படம் கிட்ட ஜோடியா நடிச்சாங்க. உத்தம் குமார் 1980ல 53 வயசுல போயிட்டாரு, டாலிகஞ்ச் மெட்ரோ ஸ்டேஷனுக்கே அவரு பேரு தான். சுசித்ரா சென் 1978ல சினிமாவ விட்டாங்க, அதோட வெளி உலகத்தையே விட்டாங்க, 2014ல சாகுற வரைக்கும் பொதுவுல பெரும்பாலும் முகத்த காட்டல. ஹிந்தில ஆந்தி படத்துல பாத்திருப்பீங்க. அவங்க பொண்ணு மூன் மூன் சென். பேத்தி ரியா சென்ன நீங்க தமிழ்லயே பாத்திருக்கீங்க, 1999ல பாரதிராஜாவோட தாஜ்மஹால் ஹீரோயின் அவங்க தான்.

படத்துல குறையே இல்லையா?

இருக்கு. நீளம். உத்தம் குமார் காலேஜ் பையன் மாதிரி தெரியல, அப்பவே 35 வயசு. பின்பாதில தத்துவம் கொஞ்சம் தூக்கலா போயிடும், சுசித்ரா சென் குடிச்சிட்டு பேசுற சீன்ல சில எடம் ஓவர். பேக்ரவுண்ட் மியூசிக்கும் அழு அழுன்னு தள்ளும்.

இது புடிச்சிருந்தா அடுத்து எத பாக்கலாம்?

மொதல்ல ஆண்டனி ஃபிரிங்கி, 1967. இதுலயும் உத்தம் குமார் தான், கூட தனுஜா, கஜோலோட அம்மா. போர்ச்சுகீசிய வம்சத்துல வந்து பெங்காலி பாட்டு கட்டி மேடைல போட்டி போட்ட ஒரு நெஜ மனுஷனோட கதை. அவரு பேர்ல கொல்கத்தா பௌபஜார்ல ஃபிரிங்கி காளி கோயில் இன்னமும் இருக்கு, நான் போயிருக்கேன், டிராஃபிக்குக்கு நடுவுல சின்ன கோயில்.

அப்புறம் பிஷர்ஜன், 2017, டைரக்டர் கௌஷிக் கங்குலி. சப்தபதி தட்டாத கதவ இது தட்டுது. பங்களாதேஷ் பக்கம் இச்சாமதி ஆத்தங்கரைல ஒரு இந்து விதவை, தண்ணில அடிச்சுட்டு வந்த இந்திய முஸ்லிம் ஒருத்தன வீட்டுல மறைச்சு வெச்சு காப்பாத்துறா. துர்கா சிலைய ரெண்டு நாட்டுக்காரங்களும் ஒரே ஆத்துல கரைக்கிற நாள் கதைல ரொம்ப முக்கியம். ஜயா அஹ்சான் நடிப்புக்காகவே பாக்கலாம். சிறந்த பெங்காலி படத்துக்கான தேசிய விருது வாங்குச்சு.

தமிழாளுங்களுக்கு ஸ்பெஷலா இன்னொண்ணு, மிஸ்டர் அண்ட் மிசஸ் ஐயர், 2002. அபர்ணா சென் எடுத்தது, பெங்காலி படம்னு சொல்ல முடியாது, பெரும்பாலும் இங்கிலீஷ். கொங்கணா சென் தமிழ் ஐயர் வீட்டுப் பொண்ணு, ராகுல் போஸ் பெங்காலி முஸ்லிம். கலவரத்துல பஸ்ல ஆள் தேடி வர்றப்போ இவன் என் புருஷன், ஐயர்னு சொல்லிக் காப்பாத்துறா. ஆனா அவன் முஸ்லிம்னு தெரிஞ்ச உடனே அவளுக்கு மொதல்ல ஒதைக்கிறது, அவன் பாட்டில்ல இருந்து தண்ணி குடிச்சிட்டேனேன்றது தான். ரீனாவோட அந்த டச் பண்ணாதே, 41 வருஷம் கழிச்சு நம்ம வீட்டுப் பொண்ணு வாயில வருது.

சப்தபதிய வீட்டுல பெரியவங்களோட உக்காந்து பாக்கலாமா?

தாராளமா, நெளிய வெக்கிற சீன் ஒண்ணும் கெடையாது. நான் போன பொங்கலுக்கு லேப்டாப்ப டிவில மாட்டி சப்டைட்டிலோட எங்கப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன், அக்காவும் மாமாவும் வந்திருந்தாங்க. சபி பிஸ்வாஸ் ரீனா முன்னாடி வந்து நின்னப்ப அப்பா தண்ணி குடிச்சிட்டு வரேன்னு எந்திரிச்சு போனாரு. சொம்பு பக்கத்துலயே தான் இருந்துச்சு. சீன் முடிஞ்சு அடுத்த பாட்டு வந்தப்புறம் தான் திரும்பி வந்தாரு, மாமா கொஞ்சம் தள்ளி உக்காந்து சோபால எடம் விட்டாரு.